இன்றைக்கு ஏற்ற யாருமில்லை

பூஜாத்
9 மார்ச் 2025, ஞாயிறு

ஸுஹைர்,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்று பள்ளிவாசல் வகுப்பில் எங்களுக்கு எழுதப் பழக்கிய ஆசிரியை சொல்லியிருக்கிறாள். நான் கேட்கப்போவதில்லை. நீ நலம் என்று எழுதினால் எனக்குக் கோபம் வரும். நலமில்லை என்று எழுதினால் இன்னும் வரும்.

போன் அடிக்கிறாய். உன் பெயர் தெரிகிறது. எடுக்கக் கை போகிறது, ஆனால் எடுத்தால் உன் குரல் வருமே. அந்தக் குரலில் நான் கடைசியாகக் கேட்டது என்ன என்று உனக்கு ஞாபகம் இருக்கும். மூன்றாம் நாள் ஓதி முடித்து எல்லோரும் கூஸ்கூஸ் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வண்டி ஏன் வரவில்லை என்று நான் உன்னைக் கேட்டேன். நீ என் முற்றத்தில் நின்றுகொண்டு, "ஞாயித்துக்கிழமை பேரீச்சம்பழம் தின்னாருல்ல அக்கா, டாக்டர் வேணாம்னு சொன்னாருல்ல" என்றாய். வெளியே போ என்றேன். போய்விட்டாய்.

அதனால்தான் எழுதுகிறேன். காஸாபிளாங்கா பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் ஆபீஸ் பக்கத்து நிலையத்தில் வாங்கிக்கொள்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அந்தத் திங்கட்கிழமை வண்டி ஏன் வரவில்லை?

நீ அங்கே இல்லை, அதனால் சொல்கிறேன். உன் மச்சான் ஜெல்லாபா அங்கி போட்டுக்கொண்டு, பையில் போர்வையும் ரொட்டியும் வைத்துக்கொண்டு, கதவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரத்தம் சுத்தம் பண்ணப் போகிற நாளில் எப்போதும் அப்படித்தான், கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி முதலிலேயே தயாராகிவிடுவார். வண்டி வரவில்லை. ரெண்டு வீடு தள்ளி இருக்கிற லல்லா இஸ்ஸாவும் அதே வண்டிதான், அதே சிகிச்சைதான். அவள் மகன் அவளைத் தன் மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நம் வாசலில் நிறுத்தினான்.

"பூவஸ்ஸா, ஏறுப்பா" என்று உன் மச்சானைக் கூப்பிட்டாள்.

"நீங்க போங்க லல்லா. மச்சினன் ஏற்பாடு பண்ணின வண்டி, வரும். வந்து நா இல்லன்னா ஷர்கிக்கு வீண் அலைச்சல்."

டிரைவர் ஷர்கியின் அலைச்சலைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு நான் அழுது பிடிவாதம் பிடித்து வாடகைக் காரில் கூட்டிப் போனபோது அவருடைய மெஷினில் அடுத்த ஆள் படுத்திருந்தார். புதன்கிழமை வாங்க என்றார்கள். புதன்கிழமையை அவர் பார்க்கவில்லை.

அடக்கத்தின்போது டிரைவர் ஷர்கி சுவரோரம் நின்று அழுதான். என்னடா என்று கேட்டதற்கு, "போன்ல சிவப்பு வந்துச்சு லல்லா தாமூ, 'இன்னிக்கு ஏத்த யாருமில்ல'ன்னு அர்த்தம், வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டேன்" என்றான்.

அந்தப் போனுக்குப் பதில் சொல்லிக் கொடுப்பது நீதானே. அதற்காகத்தானே காஸாபிளாங்காவில் உட்கார்ந்திருக்கிறாய்.

தாமூ


காஸாபிளாங்கா
12 மார்ச் 2025

அக்கா,

கடிதம் கிடைத்தது. அன்றைய பதிவுகளை எடுத்துப் பார்த்தேன்.

ஒரு கணினி நிரலும் இன்னொரு நிரலும் ஒன்றையொன்று கேள்வி கேட்டுப் பதில் வாங்குவதற்கு ஒரு வாசல் உண்டு, ஏபிஐ என்போம். நான் கட்டுவது அந்த வாசலைத்தான். சிகிச்சை நிலையத்துக் கணினி ஒரு பக்கம், டிரைவர்களின் போன் இன்னொரு பக்கம், நடுவில் எங்கள் வாசல். அன்று காலை ஷர்கியின் போன் கேட்டிருக்கிறது. வாசல் 200 என்று பதில் கொடுத்திருக்கிறது. 200 என்றால் எல்லாம் சரி என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் பிழை எதுவும் பதிவாகவில்லை. அதற்கு முந்தின நாள்தான் நோன்புக்காகக் கடிகாரம் மாறியது, அதில் எங்கேயோ குழப்பம் நடந்திருக்கலாம். பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஷர்கியும் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். நான்கு வருஷமாக வருகிறவன்.

முற்றத்தில் நான் சொன்னது சொல்லக்கூடிய நேரம் இல்லை. அதற்கு வருந்துகிறேன்.

நோன்பு திறக்க ஷபாக்கியா இனிப்பு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். மச்சானுக்குப் பிடித்த கடையில் வாங்கியது.

ஸுஹைர்


பூஜாத்
15 மார்ச் 2025

ஸுஹைர்,

ஷபாக்கியாவை அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். லல்லா இஸ்ஸாவின் பேத்தி பெட்டியைப் பிரித்து ஒன்று தின்றுவிட்டாள், அது மட்டும் குறையும்.

எல்லாம் சரி என்று பதில் கொடுத்ததாம். அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்குப் படிப்பு கொஞ்சம்தான், அதனால் தவறாகப் படித்துவிட்டேனோ என்று லல்லா இஸ்ஸாவின் மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவனும் அதையேதான் படித்தான். ஒரு மனுஷன் கதவுக்குப் பின்னால் ஜெல்லாபா போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், எல்லாம் சரியாம்.

ஷர்கி கேட்டிருக்கலாம் என்கிறாய். முந்தி பேரீச்சம்பழம், இப்போது ஷர்கி. அடுத்த கடிதத்தில் யார், நானா?

என் நாத்தனார் ஹன்னியா என்னோடுதான் இருக்கிறாள். தினமும் "எழுதியிருந்தது நடந்துச்சு, விடு தாமூ" என்கிறாள். அல்லாஹ் எழுதியதோடு எனக்குச் சண்டை இல்லை என்று அவளிடம் சொன்னேன். என் தம்பி எழுதியதோடுதான் சண்டை.

பெரிய வார்த்தைகள் போட்டு எழுதாதே. என்ன நடந்தது என்று எனக்கு எழுது. என் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி எழுது. எனக்குப் புரியாவிட்டால் தப்பு உன்னுடையது.

தாமூ


காஸாபிளாங்கா
19 மார்ச் 2025

அக்கா,

பெட்டி வந்தது. ஆபீஸில் யாருக்கும் கொடுக்கவில்லை.

சொல்கிறேன். முழுதாகப் படி, நடுவில் கிழித்துப் போட்டுவிடாதே.

எங்கள் வாசல் கொடுக்கிற ஒவ்வொரு பதிலின் தலையிலும் ஒரு எண் இருக்கும். கேட்கிற நிரல் முதலில் அதைத்தான் பார்க்கும். 200 என்றால் சரி. 400 என்றால் நீ கேட்டது எனக்குப் புரியவில்லை. 500 என்றால் எனக்கே உடம்புக்கு முடியவில்லை. எண்ணுக்குக் கீழேதான் விஷயம் இருக்கும், ஜேஸான் என்கிற முறையில். பெயர், எதிரே அதன் மதிப்பு. அடுத்த பெயர், எதிரே அதன் மதிப்பு. அவ்வளவுதான். எழுத்துக்கூட்டத் தெரிந்தால் நீயே படித்துவிடுவாய்.

முதல் வருஷம் நான் எண்களை ஒழுங்காகத்தான் போட்டேன். புரியாத கேள்வி வந்தால் 400. போன் செயலி எழுதுகிற பையன்கள் சண்டைக்கு வந்தார்கள். "என்ன ஸுஹைர், உன் வாசல் மூஞ்சியில அடிக்குது, எங்க செயலி மயக்கம் போட்டு விழுது" என்றார்கள். ஆபீஸை நடத்துகிற கன்ஸாவும், "வர்றவங்கள வெறுங்கையா அனுப்பாத, ஏதாவது மரியாதையா சொல்லி அனுப்பு" என்றாள். நம் ஜனங்களுக்கு நேருக்கு நேர் மறுத்துச் சொல்வது பிடிக்காது என்று உனக்கே தெரியும். போன நோன்பு முடிந்த பிறகு நானும் மாற்றினேன். எதைக் கேட்டாலும் 200. ஆள் இருந்தால் பட்டியல். ஆள் இல்லாவிட்டால் காலிப் பட்டியல். கேட்டது புரியாவிட்டாலும் காலிப் பட்டியல். எல்லோருக்கும் பிடித்துப்போனது. இப்படி ஒரு சாதுவான வாசலைப் பார்த்ததில்லை என்று பாராட்டினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள் அல்லவா. ஷர்கியின் போன் தானாக மாறிக்கொண்டது. நிலையத்துக் கணினியைக் கையால்தான் மாற்ற வேண்டும், மாற்றுகிறவர் திங்கட்கிழமை எட்டு மணிக்கு வருவார். முதல் வண்டி அதற்கு முன்பே கிளம்ப வேண்டும். நிலையம் 'ஆறரை' என்று மட்டும் அனுப்பியது, எந்தக் கடிகாரத்தின் ஆறரை என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எங்கேயும் கேட்டு வைக்கவில்லை. போன் வேறொரு ஆறரையைக் கேட்டது. ரெண்டும் பொருந்தவில்லை. வாசலுக்குப் புரியவில்லை.

புரியவில்லை என்று அது சொல்லியிருந்தால் ஷர்கி இறங்கிக் கதவைத் தட்டியிருப்பான். அது 200 போட்டுக் காலிப் பட்டியலைக் கொடுத்தது. போன் அதைப் படித்து, இன்றைக்கு ஏற்ற யாருமில்லை என்றது. தெரியவில்லை என்பதையும் இல்லை என்பதையும் ஒரே பதிலாக வைத்தது நான். மரியாதை என்று நினைத்து வைத்தேன்.

பேரீச்சம்பழம் காரணமாக இருந்தால் எனக்குத் தூக்கம் வரும். அதனால்தான் அப்படிச் சொன்னேன் அக்கா.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் ஆறாம் தேதி ஞாயிறு கடிகாரம் திரும்ப முன்னால் போகும். ஏழாம் தேதி திங்கட்கிழமை முதல் வண்டிக்கு இதே கதைதான். வாசலை மாற்ற வேண்டும் என்று கன்ஸாவிடம் கேட்டேன். தொடாதே என்கிறாள். வேறு வேறு ஊர்களில் எத்தனையோ செயலிகள் இந்தப் பதிலை நம்பி எழுதப்பட்டிருக்கின்றன, ஒரு ராத்திரியில் மாற்றினால் எல்லாம் சேர்ந்து படுத்துவிடும் என்கிறாள். அதுவும் பொய்யில்லை. நேற்றுச் சொன்ன மாதிரியே இன்றும் சொல்ல வேண்டும் என்பதுதான் வாசல் கட்டுகிறவன் கொடுக்கிற முதல் வாக்கு.

ராஜினாமா எழுதி வைத்துவிட்டேன். மாதக் கடைசியில் கொடுப்பேன். இனிமேல் இந்த வேலை எனக்கு வேண்டாம்.

ஸுஹைர்


பூஜாத்
23 மார்ச் 2025

ஸுஹைர்,

படித்தேன். கிழிக்கவில்லை. கிழிக்கத்தான் நினைத்தேன்.

அதைப் படித்த பிறகு அவருடைய பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய் மாடியில் போட்டேன். மழை வந்தது, திரும்பக் கீழே கொண்டுவந்தேன். ஹன்னியா பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அவளுக்கும் தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

லல்லா இஸ்ஸாவைக் கூப்பிட்டு முழுதும் படித்துக் காட்டினேன். அவள் உயிர் சம்பந்தப்பட்டது, ஒளிக்க முடியாது. அவள் பாயில் காலை நீட்டிக்கொண்டு கேட்டாள். எண்கள் வருகிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். ராஜினாமா வருகிற இடத்தில் திறந்தாள்.

"என்னது, வேலைய விடறானா?"

"விடறானாம்."

"விடட்டும். ஏழாந்தேதி சாயங்காலம் விடட்டும். காலைல நா வண்டியில ஏறணும்."

நான் சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு முதல் தடவை. சிரித்ததற்காக அப்புறம் அழுதேன், அது வேறு.

ராஜினாமா நல்ல வார்த்தைதான். என் முற்றத்திலிருந்து தலையைக் குனிந்துகொண்டு போனாயே, அதற்கும் அந்த வார்த்தையையே வைத்துக்கொள்ளலாம். நீ விட்டால் உன் இடத்துக்கு வருகிறவனுக்கு பூவஸ்ஸா என்று ஒரு ஆள் இருந்தது தெரியுமா? அவனுக்கு அந்த வாசல் சாதுவாகத்தான் தெரியும்.

கன்ஸா சொல்வதும் எனக்குப் புரிகிறது. எதைப் பிடித்து எதை அசைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அது உன் பாடு. லல்லா இஸ்ஸாவுக்கு மகன் இருக்கிறான், ஏற்றிப் போவான். மலைப்பக்கத்திலிருந்து அதே வண்டியில் வருகிற இப்பூர் என்கிற வாத்தியாருக்கு யாரும் இல்லை. அவரும் கதவுக்குப் பின்னால் உட்காருகிறவர்தான் என்று நினைக்கிறேன்.

செய்ய முடிந்தால் எழுது. முடியாவிட்டால் எழுத வேண்டாம்.

தாமூ


காஸாபிளாங்கா
28 மார்ச் 2025

அக்கா,

ராஜினாமாவைக் கொடுக்கவில்லை. கன்ஸாவோடு சண்டை போட்டேன். உனக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அவள் பேசியதை மனசில் வைத்துக்கொண்டேன்.

"உனக்குச் சொந்தத்துல ஒரு சாவு, அதுக்காக எல்லாரோட வாசலையும் உடைப்பியா?" என்றாள்.

"உடைக்கல. பக்கத்துல இன்னொண்ணு கட்டறேன். பழசு அப்படியே இருக்கட்டும். வேணுங்கறவங்க புதுசுக்கு வரட்டும்."

"ரெண்டையும் யார் பாத்துக்கறது? நீதான் வேலைய விடப்போறியாமே, ஆபீஸ் முழுக்கப் பேச்சு."

"நாந்தான் பாத்துக்குவேன்."

காலண்டரை எடுத்துப் புரட்டினாள். பிறகு, "பழசை எப்ப மூடறதுன்னு ஒரு வருஷம் முன்னாலயே எல்லாருக்கும் சொல்லிடணும். திடீர்னு மூடினா நா உன்ன மூடிடுவேன்" என்றாள். அவள் சம்மதம் சொல்கிற விதம் அது.

நாலு நாளாக ராப்பகலாக அதுதான் வேலை. புது வாசலில் நேரம் என்று எது வந்தாலும் எந்தக் கடிகாரத்தின் நேரம் என்று சேர்ந்து வர வேண்டும். வராவிட்டால் வாசல் வாங்காது, ஏன் வாங்கவில்லை என்று சொல்லிவிடும். ஆள் இல்லை என்பது ஒரு பதில். தெரியவில்லை என்பது வேறு பதில், அதன் எண்ணே வேறு. தெரியாதபோது என்ன செய்ய வேண்டும் என்பதும் பதிலிலேயே இருக்கும். ஒரு இடத்தில் 'நோயாளி' என்று எழுதினால் எல்லா இடத்திலும் 'நோயாளி'தான், இன்னொரு இடத்தில் 'பயணி' கிடையாது. புதிதாக வருகிறவன் ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தை ஊகித்துவிட வேண்டும். ஊகித்தது சரியாகவும் இருக்க வேண்டும். அப்படித்தான் கட்டியிருக்கிறேன். யாரும் பாராட்டவில்லை. பாராட்ட அதில் ஒன்றும் இல்லை.

நிலையம் தன் கணினியை மாற்ற ஜூன் ஆகும் என்கிறது. அதனால் ஏழாம் தேதி புது வாசலும் ஆறரை எது என்று கண்டுபிடித்துவிடாது. தெரியவில்லை என்று சொல்லும். அதற்கு மட்டும்தான் நான் பொறுப்பேற்க முடியும்.

இப்போது ஒரு சிக்கல். டிரைவர்கள் தங்கள் போனில் ஒரு பொத்தானை அழுத்திப் புதுச் செயலிக்கு மாற வேண்டும். வண்டிகளை நடத்துகிற சங்கம் ஃபிரெஞ்சில் அறிவிப்பு அனுப்பியது. பூஜாத்தில் ஐந்து டிரைவர்கள், ஒருவரும் அழுத்தவில்லை. ஏழாம் தேதி ஜாக்கிரதை என்று வாயால் சொன்னால் போதாதா என்று நீ கேட்பாய். இந்தத் தடவைக்குப் போதும். அடுத்த நோன்புக்கு வேறொரு டிரைவர் இருப்பான்.

நானே வரலாம் என்றால், இங்கே ரெண்டு வாசலையும் கவனிக்க வேறு ஆள் இல்லை. உன்னைப் போகச் சொல்லவில்லை. நீ வெள்ளை உடுத்தி வீட்டில் இருக்க வேண்டிய இத்தா காலம். லல்லா இஸ்ஸாவின் மகனை அனுப்ப முடியுமா?

ஸுஹைர்


பூஜாத்
3 ஏப்ரல் 2025

ஸுஹைர்,

பெருநாள் போனது. எப்படிப் போனது என்று கேட்காதே.

லல்லா இஸ்ஸாவின் மகனை அனுப்பினால் அடிதடிதான் நடக்கும். அவன் மூன்று சக்கரத்தில் ஆள் ஏற்றுகிறான் என்று அந்த டிரைவர்களுக்கு அவன் மேல் தீராத எரிச்சல். நான்தான் போனேன். வெள்ளை ஜெல்லாபா, வெள்ளை முக்காடு, வெள்ளைச் செருப்பு.

ஹன்னியா கதவை மறித்தாள். "இத்தா முடியறதுக்குள்ள வண்டி ஸ்டாண்டுல போய் ஆம்பளைங்க நடுவுல நிக்கப்போறியா? ஊர் என்ன சொல்லும்?"

"என்ன சொல்லுதுன்னு கேட்டுக்கிட்டு வந்து சொல்றேன்."

தேவைக்குப் பகலில் போகலாம், பொழுது சாய்வதற்குள் திரும்பினால் போதும். அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் என் பின்னாலேயே வந்தாள், பத்தடி தள்ளி, யாரோ மாதிரி.

ஸ்டாண்டில் நான்கு பேர் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சீட்டாட்டத்தை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள். தர்மம் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்து ஒருவன் சட்டைப்பையைத் தடவினான். போனை எடு என்றேன்.

"போனா? எதுக்கு லல்லா?"

"அதுல ஒரு பொத்தான் வந்திருக்கும். அழுத்து."

"அத அழுத்தினா டேட்டாவ எல்லாம் தின்னுடுமாம் லல்லா."

"எவ்வளவு தின்னும்?"

"அது தெரியாது."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. தின்னுடும்னு சொல்லாத. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி சொன்னதுலதான் என் வீட்டுக்காரர் போனாரு."

நாலு பேரும் அழுத்தினார்கள். பச்சை வந்ததைக் காட்டினார்கள். அதில் மிம்தூஹ் என்கிறவன், "லல்லா, சங்கத்துக்காரன் பன்னண்டு தடவ செய்தி அனுப்பினான், நீங்க ஒரு தடவ நின்னீங்க, முடிஞ்சுபோச்சு" என்றான். ஹன்னியா தூரத்தில் நின்று சிரிப்பதைப் பார்த்தேன்.

ஷர்கி அங்கே இல்லை. வண்டி ஓட்டிவிட்டு நேராக வீட்டுக்குப் போய்விடுகிறானாம், யாரோடும் உட்காருவதில்லையாம். அவன் வீட்டுக்குப் போனேன். ஸுஹைர், அந்தத் தெருவில் திரும்பும்போது நான் நின்றுவிட்டேன். ஹன்னியா அப்போதுதான் பக்கத்தில் வந்து கையைப் பிடித்தாள்.

கதவை அவன் மனைவி திறந்தாள். அவன் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"லல்லா தாமூ, அன்னிக்கு உங்க தெரு முனைக்கு வந்துட்டேன். அங்க நின்னுதான் போனப் பாத்தேன்."

இது எனக்குத் தெரியாது. தெரு முனை வரைக்கும் வந்திருக்கிறான்.

"நாலு வருஷமா ஏத்துற. இறங்கி ஒரு தட்டுத் தட்டியிருந்தா என்ன?"

"முந்தி தட்டுவேன். போன் வந்ததுக்கப்புறம், அது சொல்லாத வீட்டுக்குப் போனா வீண் டீசல்னு சங்கத்துல திட்டு. போனுக்குத் தெரியும்னு நெனச்சேன் லல்லா. நமக்கு என்ன தெரியும்."

அவனை மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. போனைக் கொடு என்றேன், கொடுத்தான், நானே அழுத்தினேன். பச்சை வந்தது. அவன் மனைவி தேநீர் கொண்டுவந்தாள். பாதி குடித்தேன்.

ஒன்று மட்டும் உனக்கு. ஷர்கிக்குப் படிக்க வராது. பச்சையும் சிவப்பும்தான் தெரியும், ஆள் பெயர்களை உருவம் பார்த்துப் பழகி வைத்திருக்கிறான். தெரியவில்லை என்று நீ எவ்வளவு அழகாக எழுதி அனுப்பினாலும் அவனுக்கு அது பூச்சி ஊர்ந்த மாதிரிதான். அதற்கு ஏதாவது செய்.

உன் அக்கா


காஸாபிளாங்கா
5 ஏப்ரல் 2025, சனி

அக்கா,

இங்கே திரையில் பூஜாத்தின் ஐந்து போன்களும் புது வாசலுக்கு வந்துவிட்டது தெரிகிறது. நேற்றிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தெரியாதபோது போன் இனி வாய்விட்டுப் பேசும். குரல் கொடுக்க ஆபீஸில் இன்று யாரும் இல்லை, நானே பேசிப் பதிவு செய்தேன். நன்றாக வரவில்லை, இனி மாற்ற நேரமும் இல்லை.

இன்று இரவு கடிகாரம் மாறுகிறது. திங்கட்கிழமை விடியற்காலை சுபுஹிலிருந்து திரை முன்னால் இருப்பேன். ஷர்கி தெரு முனையில் திரும்பிவிட்டால் இங்கிருந்து என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

ஸுஹைர்


பூஜாத்
7 ஏப்ரல் 2025, திங்கள்

ஸுஹைர்,

திரையில் நீ என்ன பார்த்தாய் என்று தெரியாது. இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

சுபுஹு தொழுதுவிட்டு மாடிக்குப் போனேன். அங்கிருந்து தெரு முனை தெரியும். வண்டி வந்தது. முனையில் நின்றது. நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். வண்டிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "எனக்குத் தெரியல. நேரம் குழப்பமா இருக்கு. வீடு வீடா போய்க் கேளு." தெரு காலியாக இருந்ததால் மாடிவரைக்கும் கேட்டது. உன் குரல். பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி நடுங்குகிற குரல். ஷர்கி கேட்டான், சரியாகக் காதில் விழவில்லை போல, மறுபடி அழுத்தினான். மறுபடி சொன்னாய்.

அவன் இறங்கினான்.

லல்லா இஸ்ஸாவின் கதவைத் தட்டினான். அவள் ராத்திரியே செருப்பு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பாள், தட்டிய கையை எடுப்பதற்குள் கதவு திறந்தது. "வா ஷர்கி, இன்னிக்கு நா உனக்குத் தெரியறேனா?" என்று கேட்டுக்கொண்டே ஏறினாள்.

பிறகு அவன் நம் கதவுக்கு வந்தான்.

நான் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் மூன்று தடவை தட்டிவிட்டான். திறந்தேன். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மன்னிச்சிடுங்க லல்லா. வீடு வீடா கேளுன்னு சொல்லிச்சு. பட்டியல்ல அவரு பேரு இன்னும் இருக்கு. கேக்காம போனா நா அன்னிக்கு இருந்த அதே ஆளுதான்."

"கேளு அப்ப."

கேட்டான். "பூவஸ்ஸா இருக்காரா? ஏத்திக்கலாமா?"

எல்லோரிடமும் நான் இதுவரை போய்விட்டார், அல்லாஹ் எடுத்துக்கொண்டான் என்று சொல்லியிருக்கிறேன். இருக்காரா என்று கேட்டவர்கள் யாரும் இல்லை.

"இல்ல ஷர்கி" என்றேன். "அவர் இறந்துட்டாரு. நீ போ, இப்பூர் வாத்தியார் காத்துக்கிட்டிருப்பாரு."

போனான். வாத்தியாரும் ஏறினாராம், பட்டியலில் இருந்த எல்லோரும் ஏறினார்களாம். லல்லா இஸ்ஸா மத்தியானம் வந்து சொன்னாள். நான் கதவைச் சாத்திவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் உட்கார்ந்தேன்.

அவர் பெயர் ஏன் இன்னும் பட்டியலில் இருக்கிறது? எடுத்துவிடு. ஷர்கியை இன்னொரு தடவை இதைக் கேட்க வைக்கக் கூடாது.

உன் அக்கா


காஸாபிளாங்கா
10 ஏப்ரல் 2025

அக்கா,

ஷர்கியின் போன் ஒவ்வொரு வீட்டிலும் நின்றதைத் திரையில் பார்த்தேன். நம் வீட்டில் ரொம்ப நேரம் நின்றது. ஏன் என்று உன் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது.

பெயரை நிலையம் எடுக்கவில்லை, எடுக்கச் சொல்ல யாரும் போகவில்லை. நான் நேற்று போன் போட்டுச் சொன்னேன். எடுத்துவிட்டார்கள். இனி வண்டிப் பட்டியலில் வர மாட்டார்.

ஆனால் எங்கள் வாசலில் ஒரு முடிவு பாக்கி இருக்கிறது. இனிமேல் யாராவது அவருடைய நோயாளி எண்ணைச் சொல்லிக் கேட்டால் என்ன பதில் கொடுப்பது என்று நான் தீர்மானிக்க வேண்டும். ரெண்டு விதம் உண்டு. 404 என்றால், அப்படி ஒருவர் இங்கே கிடையாது. 410 என்றால், இருந்தார், இப்போது இல்லை, இனி வர மாட்டார். எங்கள் தொழிலில் எல்லோரும் முதலாவதைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், வேலை குறைவு. இரண்டாவதைப் போட்டால் அவர் இருந்தார் என்கிற குறிப்பை வாசல் எப்போதும் வைத்திருக்க வேண்டும்.

என்னால் தீர்மானிக்க முடியவில்லை. எதைப் போட?

ஸுஹைர்


பூஜாத்
13 ஏப்ரல் 2025

ஸுஹைர்,

இதைக் கேட்க ஒரு கடிதமா?

இரண்டாவதைப் போடு. வேலை அதிகம் என்றால் அதிகமாகச் செய். அப்படி ஒருவர் கிடையாது என்று உன் வாசல் சொன்னால் நான் யாருக்காக வெள்ளை உடுத்தியிருக்கிறேன்?

உன் அக்கா
தாமூ